மூலையில் கத்திய பெட்டி

கரண்ட் கொடுக்காத கம்ப்யூட்டர் மூலையில் 'பீப்' என்றது.

செல்லத்துரை ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டுத் திரும்பினான். மலையூரான சக்குபள்ளத்தில் மதியமே இறங்கிவிட்ட மூடுபனி, ஏலக்காய் காயவைக்கும் புகை வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்து, ரிப்பேருக்கு வந்த பெட்டிகளின் மேல் ஈரமாகப் படிந்துகொண்டிருந்தது. சாந்தம்மாளின் பெட்டி ஒயர் சுற்றியபடி மூலையில் கிடந்தது.

மறுபடி, பீப்.

ரேம் என்ற நினைவுச் சில்லு இல்லாத பெட்டி, கரண்ட் கொடுத்தால் அப்படித்தான் கத்தும். கழற்றியவனே அவன்தான். திணறிக்கொண்டிருந்த அவனுடைய பழைய கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற ரேம் கம்பம் கடைகளிலும் கிடைக்கவில்லை. இந்தப் பெட்டியில் இருந்தது. ஜீப் கவிழ்ந்து செத்த சாந்தம்மாளின் மகள் செல்வப்பிரியாவின் பெட்டி.

"எம்மக பாடிப் பதிஞ்சு வச்சிருக்கா தம்பி. ஒருக்காக் கேட்டாப் போதும்" என்று சொல்லித்தான் சாந்தம்மாள் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாம் எரிஞ்சு போச்சுக்கா. ஒண்ணும் எடுக்க முடியாது" என்று பொய் சொன்னான்.

"நீ பாத்தாச் சரிதான். இங்கயே கெடக்கட்டும், வீட்டுல பாத்தா அழுக வருது." கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கடை ஜோபி டீயோடு வந்து சிரித்தான். "செல்லத்துரே, உன் பொட்டி இப்பப் பறக்குதே! எவன் பொட்டி ஈரலைப் பிடுங்கி வெச்சே?"

செல்லத்துரைக்குக் காது சுட்டது. "அந்தச் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

ஜோபி போனதும் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது, பால் கேட்கும் குழந்தைபோல.

திருப்பி மாட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. தன் பெட்டியிலிருந்து ரேமைக் கழற்றி, எப்போதும்போல அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். தூள் ஈரமாக உதிர்ந்தது. தேங்காய் எண்ணெய் மணம். தலை வாரிய மணம்.

மூலைப் பெட்டியைத் திறந்து கையை விட்டான். உள்ளே சூடு. உடம்புச் சூடு.

"தம்பி..."

வாசலில் சாந்தம்மாள். ரேமை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

"பிள்ள கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"ஒண்ணுமில்லக்கா. சும்மா... தூசி தட்டினேன்."

அவள் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்தாள். பீப் நின்றது. அவள் முகம் மலர்ந்தது. "ம்... சொல்லும்மா..." கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இவனா?"

தலை நிமிர்ந்தது. பார்வை அவன் மூடிய கையில்.

விரல்களை இறுக்கினான். உள்ளே ஏதோ நெளிந்தது. சின்னதாக. சூடாக. பிறகு அவன் விரல்களை உள்ளிருந்தே, ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.