பாதியில் நின்ற மேளம்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி வேன்கள் எத்தனையோ போகின்றன. ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களைக் காலையில் அள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் காசி ஓட்டும் வேனில் மட்டும் ஒரு சட்டம் உண்டு. தினமும் ஒருவர் பாட்டுக் கேட்கலாம். பாட்டைச் சொன்னால் மட்டும் போதாது, ஏன் அந்தப் பாட்டு என்றும் சொல்ல வேண்டும்.

சட்டம் போட்டவர் காசி அண்ணன்தான். முன்பெல்லாம் அந்த வேனில் பாட்டுக்காகவே சண்டை நடக்கும். ஒருநாள் சத்தம் பொறுக்க முடியாமல் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, இனிமேல் முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நானே பாடுவேன் என்று மிரட்டினார். அவர் குரலை ஏற்கெனவே கேட்டவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் தேவிகாவும் அந்த வேனில்தான் போவாள். அவள் அம்மா கம்பெனியில் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர். தேவிகாவின் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்தது. காசி அண்ணன் வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அதனால் போனில் பாட்டுத் தேடிப் போடும் வேலை தேவிகாவுக்கு வந்தது. அதற்குக் கூலியாக அவளுக்கும் ஒரு முறை கொடுத்தார்கள்.

பாட்டைவிடக் காரணங்கள்தான் ருசியாக இருக்கும். சவுரியம்மாள் அக்கா எப்போதும் ஒரே பாட்டைத்தான் கேட்பார். "கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரர் இந்தப் பாட்ட எனக்காகப் பாடினாரு. அவ்ளோ கேவலமா இருந்துச்சு. சரியா பாடினா எப்படி இருக்கும்னு கேட்டு மனச தேத்திக்கறேன்" என்பார். வேனே குலுங்கிச் சிரிக்கும்.

அக்தரி பேகத்தின் முறை மட்டும் சப்பென்று போகும். அவர் கடைசி இருக்கையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலேயே உட்காருவார். தோலில் ஓட்டை போடும் மெஷினில் வேலை. தேவிகா அவரைக் காலா என்று கூப்பிடுவாள். உருதுவில் சின்னம்மாவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அக்தரி காலா கேட்கும் பாட்டில் பாட்டே இருக்காது. யாரோ ஒரு கல்யாண ஊர்வலத்தில் பதிவு செய்த மேளம். பெரிய மேளம், திம் திம் என்று நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால், "சும்மாதான். நல்லாருக்குது" என்பார். அதையும் ஒரு காரணமாகக் காசி அண்ணன் ஏற்றுக்கொண்டிருந்தார்.

தேவிகாவுக்கு அந்த மேளத்தைக் கேட்டாலே கொட்டாவி வரும்.

அன்றைக்கும் அக்தரி காலாவின் முறை. முதல் நாள்தான் ஒரு புதுப் பாட்டு வெளிவந்திருந்தது. அதை எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று தேவிகாவின் விரல்கள் துறுதுறுத்தன. மேளம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. அவள் சட்டென்று அதை நிறுத்தினாள்.

"மேளக்காரர் வந்துட்டாரு. பாடறவர்தான் பஸ்ஸ விட்டுட்டாரு போல. எவ்ளோ நேரம் காத்திருக்கிறது?" என்றாள்.

வேன் முழுக்கச் சிரித்தது. சவுரியம்மாள் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் முறைத்தார், ஆனால் அவர் உதட்டிலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவிகா திரும்பிப் பார்த்தாள். அக்தரி காலாவும் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் குஷியாகிவிட்டது. அவரே சிரிக்கிறார், பிறகென்ன என்று புதுப் பாட்டைப் போட்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஒருவருக்கு முறை வந்து போனால் அடுத்த முறை வர இரண்டு வாரமாவது ஆகும். அப்படி அக்தரி காலாவின் முறை மறுபடி வந்தபோது, அவர் எதுவும் கேட்கவில்லை. தன் முறையைச் சவுரியம்மாளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றார். தேவிகாவின் மனதில் சின்னதாக ஏதோ குத்தியது. ஆனால் சவுரியம்மாள் அக்கா அதற்குள் தன் வீட்டுக்காரர் கதையை ஆரம்பித்துவிட்டார். தேவிகாவும் சிரிப்பில் அதை மறந்துவிட்டாள்.

அந்த வாரமே பள்ளியில் தேர்வு. மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லாததால், தேவிகா கம்பெனி வாசலுக்குப் போய் அம்மாவோடு வேனில் திரும்புவதாக ஏற்பாடு. அவள் போனபோது சாப்பாட்டு நேரம். வாசலுக்கு எதிரே புங்கமரத்தடியில் அக்தரி காலா தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"காலா" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கிட்டப் போய் இன்னொரு முறை கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. கோபமாக இருக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டி வந்த பெரியவர் விடாமல் மணியடித்தார். அக்தரி காலா நகரவே இல்லை. தேவிகா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சைக்கிள் முந்தானையை உரசிக்கொண்டு போனது. காது கேட்கவில்லையா என்று அந்தப் பெரியவர் திட்டிக்கொண்டே போனார்.

அவர் கோபத்தில் கேட்டுவிட்டுப் போனார். தேவிகாவோ அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள்.

அக்தரி காலா அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ, மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து அவளையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"மூஞ்சிய எனக்கு நேரா வெச்சுக்கினு பேசு. அப்ப பாதி புரியும்" என்றார்.

இரண்டு வருடமாகவே இப்படித்தானாம். சைக்கிள் மணி, குருவிச் சத்தம், குழந்தைகள் குரல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகிவிட்டதாம். பெண்கள் பாடும் பாட்டெல்லாம் எங்கேயோ கொசு பறக்கிற மாதிரி இருக்குமாம். மேளம் மட்டும்தான் அடி பிசகாமல் வருகிறதாம். அதுவும் பெட்டி மேல் உட்கார்ந்தால் உடம்புக்குள்ளேயே வந்துவிடுமாம். வேலூரில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். காதுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்று சொல்லி, வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

தேவிகா முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அன்னிக்கு நான் சொன்னதுக்கு நீங்களும் சிரிச்சீங்களே, காலா?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இல்லன்னா கண்டுபிடிச்சுடுவாங்க இல்ல?" என்றார் அக்தரி காலா. "மேளம் ஏன் நின்னுச்சுன்னுதான் புரியல. டீ குடிக்கறப்ப பக்கத்து மெஷின்காரி கிட்ட கேட்டேன். அவ சொன்னா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவிகாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். தன்னைப் பற்றிய கேலி என்று தெரியாமலே ஒருவர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் அவ்வளவு குஷியாக அடுத்த பாட்டைப் போட்டாள். அதை நினைக்க நினைக்கக் கூசியது.

"மன்னிச்சுடுங்க காலா. நான் எல்லார் கிட்டயும் சொல்லிடறேன். அப்புறம் யாரும் உங்க மேளத்த கிண்டல் பண்ண மாட்டாங்க."

"அத மட்டும் பண்ணாத, பேட்டி" என்று, மகளைக் கூப்பிடும் உருதுச் சொல்லால் அழைத்து, அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காது கேக்காதுன்னு தெரிஞ்சா பாதிப் பேரு எங்கிட்ட கத்திப் பேசுவாங்க. மீதிப் பேரு பேசறதையே விட்டுடுவாங்க. ரெண்டும் பேஜாரு. சொல்றப்ப நானே சொல்லிக்கறேன்."

தேவிகா தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். அவர் முறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் காரணத்தைச் சொல்லக் கூடாது. காரணம் சொல்லாவிட்டால் பாட்டு இல்லை என்பது வேனின் சட்டம். வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, தேர்வு சரியாக எழுதவில்லையா என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

தேவிகாவின் முறை வந்தது. காசி அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்து, என்ன புதுப் பாட்டு வைத்திருக்கிறாள் என்று கேட்டார்.

"அக்தரி காலா கேப்பாங்களே, அந்த மேளம்" என்றாள் தேவிகா.

சவுரியம்மாள் அக்கா உடனே ஆரம்பித்தார். "இன்னாடி, பாடறவர் இன்னிக்காவது பஸ்ஸ புடிச்சுட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய கேலிதான், அவளிடமே திரும்பி வந்தது. கடைசி இருக்கையில் அக்தரி காலாவும் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று தெரியாமல்தான் சிரிக்கிறார் என்று இப்போது தேவிகாவுக்கு மட்டும் தெரியும்.

"காரணம் சொல்லு" என்றார் காசி அண்ணன்.

உண்மையான காரணம் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், இந்தச் சிரிப்பு அந்த நொடியே நின்றுவிடும். சவுரியம்மாள் அக்கா நாக்கைக் கடித்துக்கொள்வார். தேவிகா அதை விழுங்கினாள்.

"அன்னிக்கு அவங்க முறையில நான் பாதியில நிறுத்திட்டேன். ரெண்டு வாரம் காத்திருந்து கேட்டது. நிறுத்தியிருக்கக் கூடாது, கிண்டலும் பண்ணியிருக்கக் கூடாது. அதனால முழுசா போடணும். அதான் காரணம்."

யாரும் சிரிக்கவில்லை. காசி அண்ணன், "சரியான காரணம். போடு" என்றார்.

திம் என்று பெட்டி அதிர்ந்தது. அக்தரி காலா நிமிர்ந்தார். யார் கேட்டது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தேவிகா வெட்கத்தோடு போனைத் தூக்கிக் காட்டினாள். அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் சவுரியம்மாள் அக்காவின் விரல்கள் சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் தாளம் போட ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் வருவதற்குள் மேளம் முழுவதும் ஓடி முடிந்தது. யாரும் கொட்டாவி விடவில்லை.

ஆனாலும் தேவிகாவுக்கு முழு நிம்மதி கிடைக்கவில்லை. ஒரு முறையை மறுபடி ஓட்டிவிடலாம். அவர் தெரியாமல் சிரித்த சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது? அது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்து அக்தரி காலாவின் முறை வந்தது. தேவிகா முன் இருக்கையிலிருந்து கேட்கவில்லை. எழுந்து பின்னால் போய், அவருக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

"மேளம் போடட்டுமா, காலா?"

"வேணாம்" என்றார் அவர். தேவிகாவுக்குத் திக்கென்றது. "அன்னிக்கு என்னுத நிறுத்திட்டு ஒண்ணு போட்டியே, அத போடு."

தேவிகா சுற்றிலும் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "அது உங்களுக்குக் கேக்காதே."

"நீ கேளு" என்றார் அக்தரி காலா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் உன் மூஞ்சியப் பாக்கறேன். என் மேளத்தையே நிறுத்திட்டுப் போட்ட பாட்டு. அதுல அப்படி இன்னாதான் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கறேன்."

முன்னாலிருந்து சவுரியம்மாள் அக்கா காரணம் கேட்டார். அக்தரி காலாவுக்கு அது கேட்கவில்லை. தேவிகாதான் பதில் சொன்னாள், சும்மாதானாம், நல்லாருக்குதாம் என்று.

பாட்டு ஆரம்பித்தது. மெல்லிய குரலில் ஒரு பெண் பாடும் பாட்டு. தேவிகா அதை நூறு முறையாவது கேட்டிருப்பாள். இன்று அது கொசு பறக்கிற மாதிரி இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. உடனே புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குரல் மேலே போகும் இடத்தில் புருவத்தை மேலே தூக்கினாள். வேகமாகும் இடத்தில் தலையாட்டினாள். கேலியான வரி வந்தபோது சிரித்தாள். அவள் சிரித்த அதே இடத்தில் அக்தரி காலாவும் சிரித்தார். இந்த முறை எதற்கென்று தெரிந்து சிரித்தார்.

பள்ளிக்கூடம் வரும்வரை தேவிகா முகத்தை வேறு பக்கம் திருப்பவே இல்லை.