விலாவில் ஒரு பாலம்

தலைமைப் பொறியாளர் சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தால், அவரோடு அவர் கட்டிய ஆறு பாலங்களும் சேர்ந்து உட்காரும். முதுகைப் பிடித்துக்கொண்டு, "யப்பா" என்று முனகிவிட்டுத்தான் எந்தக் கோப்பையும் திறப்பார்.

உடற்பிணைச் சட்டம் வந்த நாளிலிருந்து இப்படித்தான். பாலத்தின் காங்கிரீட்டுக்குள் நரம்புபோல உணரிழைகள் ஓடும். வரைபடத்தில் கையொப்பமிட்ட பொறியாளரின் பிடரியில் நெல்மணி அளவுக்கு ஒரு பிணைவில்லை பதிப்பார்கள். அதன்பின் பாலம் படும் பாட்டை அவர் உடம்பும் படும். பயமிருந்தால் பாலம் இடியாது என்பது சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். அது பலித்தது. ஒரு பாலமும் இடியவில்லை. ஆனால் தூண்களெல்லாம் கோட்டைச் சுவர்போலப் பருத்தன. சிவில் படிக்க ஆளே வரவில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் விரும்பிச் சிவில் படித்தவள் இசக்கியம்மாள். வேலைக்கு வந்த மறு வருடமே தாமிரபரணிக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் வரைந்து கொண்டுவந்தாள்.

"என்ன பிள்ள இது, புடலங்கொடி படர விடவா?" என்றார் சவரிராயன்.

"ஆளுங்க நடக்கதுக்கு, சார்."

"இன்னும் ரெண்டு தூண் போடு. கல்யாணமாகாத பிள்ள, இடுப்பு வேணும்லா."

"வேண்டாம் சார். கணக்கு சரியா இருக்கு."

"எங்கணக்கும் சரியாத்தான் இருந்துச்சு. இப்ப குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல."

அவள் கேட்கவில்லை. திறப்பு நாளன்று வலி தாங்காமல் பிணையை அறுக்கச் சொன்னால் பாலத்தை இடித்துவிடுவார்கள். அதன்பின் அந்தப் பொறியாளர் எங்கேயும் கையொப்பமிட முடியாது. அது தெரிந்தும் கையொப்பமிட்டாள்.

பாலம் கட்டி முடிந்து மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தபோது, நிறைகுடம் தூக்கியதுபோல் அவள் தோளில் ஒரு பாரம். அவ்வளவுதான். ஆனால் மணல் மூட்டை ஆடாது, ஊர் ஆடும்.

திறப்பு நாளில் இரு கரைக்காரர்களும் நையாண்டி மேளத்தோடு பாலத்தில் ஏறினார்கள்.

"மேளத்த நிறுத்தச் சொல்லு" என்று பதறினார் சவரிராயன். "எல்லாரும் ஒரே தாளத்துல மிதிச்சா ஊஞ்சலா ஆடும்."

"ஆட்டத்த அடக்க அடியில ரப்பர் மெத்தை வச்சிருக்கேன் சார். ஆடட்டும்."

நடுப்பாலத்தில் ஆட்டம் சூடுபிடித்தது. பாலம் மெல்ல அசைந்தது. கரையில் நின்ற இசக்கியம்மாள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

பாலம் படும் பாட்டை அளந்து காட்டவும் பிணையை அறுக்கவும் சவரிராயன் கையில் ஒரு கருவி இருந்தது; அவர் விரல் அதன் பொத்தானுக்குப் போனது. "சொல்லு பிள்ள, அறுத்திரவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"கூசுது சார்."

அவர் கருவியைப் பார்த்தார். எல்லா அளவும் எல்லைக்குள் இருந்தன. வலியைக் குறிக்க அதில் பத்துப் படிகள் உண்டு. கூச்சத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"ஒங்க பாலத்துல ஆளு போனா எப்படியிருக்கும் சார்?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஆளா? லாரி போனாக்கூடத் தெரியாது."

சொன்ன கையோடு முதுகைத் தடவிப் பார்த்தார். லாரி போவதே தெரியாதென்றால், இத்தனை வருடம் முதுகை அழுத்தியது எது? பதில் அவருக்கே தெரிந்தது. வலிக்குமே என்று பயந்து பயந்து அவர் கொட்டிய காங்கிரீட்டின் எடைதான் அது.

கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவரும் பாலத்தில் ஏறினார்.

"சார், நீங்க வாரது தனியாத் தெரியுது" என்று கரையிலிருந்து கத்தினாள். "இடது கால இழுத்து நடக்கீங்க."

"இது தெரியுதா?" என்று அவர் வேண்டுமென்றே காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலம் கூசிய கதை பரவியது. அடுத்த ஆண்டு சிவில் இடங்கள் எல்லாக் கல்லூரிகளிலும் நிரம்பின. சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு என்று கூட்டம் போகும் வழியெல்லாம் ஒல்லியான பாலங்கள் எழுந்தன. யாரும் நடக்காத நாளில் பொறியாளர்களுக்கு உடம்பு வெறிச்சென்று இருந்தது. சிலர் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு, "சும்மாதான இருக்கீக, எம்பாலத்துல ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்று கெஞ்சினார்கள்.

பயமுறுத்தச் சட்டம் போட்ட துறைக்கு இப்போது வேறு கவலை. ஆறே இல்லாத ஊர்களிலும் பாலம் கட்ட அனுமதி கேட்டுப் பொறியாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆள் சவரிராயன்.

"அங்க ஆறு எங்க இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆளு இருக்குல்லா" என்றார் சவரிராயன்.