பெயிண்ட் காயாத சாவடி

ஏற்காட்டு மழை யாரையும் கேட்டுக்கொண்டு வராது. மஞ்சக்குட்டை தாண்டி ஷேர் ஜீப் அவளை இறக்கிவிட்டுப் போனதுதான் தாமதம்… கொட்டு கொட்டென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. குடையா? அது சேலத்தில், ஆபீஸ் மேஜைக்கு அடியில், ரொம்பப் பத்திரமாக இருந்தது!

துப்பட்டாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மேனகா ஓடினாள். மூடுபனிக்குள் ஏதோ ஒரு கட்டடம்… ஏதோ ஒரு வாசல்… ஒரே பாய்ச்சலில் உள்ளே ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி மூச்சு வாங்கினாள்.

"ஏனுங்க… ஏனுங்க! சுவத்துல சாயாதீங்க! பெயிண்டு ஈரம்ங்க!"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். எதிரே ஒருத்தன். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் சொட்டுகிற பிரஷ், மூக்கு நுனியில் ஒரு பொட்டு மயில்நீலம். அந்த மூக்குக்கு மேலே இரண்டு கண்கள்… அட, இந்த மழையிலும் இவ்வளவு வெதுவெதுப்பாக ஒருவன் பார்க்க முடியுமா?

முடியும் போலிருக்கிறது. ஆனால் மேனகாவுக்கு அதை ரசிக்கப் பொழுதில்லை. எலுமிச்சை மஞ்சள் சுடிதாரின் முதுகு முழுக்க நீலம்!

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எங்கீங்க சொல்றது? பிரேக் புடிக்காத பஸ்ஸாட்டம் வந்தீங்க… ஒதுங்கி நிக்கறதுக்கே எனக்கு நேரமில்லீங்க."

"இந்த மழையில எந்தப் புத்திசாலி பெயிண்ட் அடிப்பான்?"

"நான்தானுங்க அந்தப் புத்திசாலி." கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சிரித்தான். "நாளைக்கு சேலத்துல இருந்து ஆபீசரு வர்றாருங்க. பழைய கட்டடத்தைப் பழுதுபாக்க ஊராட்சிக்கு மானியம் தர்றாங்கல்ல… அதுக்கு நேர்ல பாத்து எழுத. வர்றவரு கண்ணுக்கு ஜம்முனு இருக்க வேண்டாங்களா?"

மேனகா மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். கனமான கல் தூண்கள்… நாட்டு ஓட்டுக் கூரை… அங்கங்கே ஒழுகல்.

"இது… ஒத்தமரக்காட்டுக் கல் சாவடியா?"

"ஆமாங்க."

"நீங்க?"

"ஜெயபிரகாஷ்ங்க. இந்த ஊருக்கு பிரெசிடெண்டு."

"நான் மேனகா. நாளைக்கு வர வேண்டிய ஆபீசர். வேலை சீக்கிரம் முடிஞ்சதால இன்னைக்கே வந்துட்டேன்."

பிரஷ் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பாவம்… அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் சொன்னாள். இந்த மானியம் பழையதைப் பழையபடியே வைத்திருக்கிற கட்டடத்துக்குத்தான். சாவடியின் உயிரே அந்தச் சுண்ணாம்புப் பூச்சு. அது மூச்சு விடுகிற சுவர். மேலே பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசி மூடினால், உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பொரிந்து கொட்டிவிடும். முன்சுவர் முழுக்க மூடியாகிவிட்டது… இனி என்னவென்று எழுதுவது?

அவன் முகம் இறுகியது.

"எங்கூருக்கு யாராச்சும் பெரியவங்க வந்தா, ஊட்டக் கழுவி, சுவத்துக்குச் சாயம் அடிச்சு, அப்பறந்தானுங்க கூப்புடுவோம். மந்திரி வந்தப்பவும் அடிச்சோம், கலெக்டர் வந்தப்பவும் அடிச்சோம். மரியாதை பண்ணுனது தப்புங்களா?"

"மரியாதைக்கு மார்க் போட நான் வரலீங்க. சுவத்துக்குப் போட வந்தேன்."

"டவுன்ல இருந்து வர்றவங்களுக்கு எங்களக் குத்தஞ் சொல்றதுன்னா நொம்பச் சுலபம்ங்க."

"குத்தம் சொல்லாம பொய் எழுதச் சொல்றீங்களா?"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, கையில் காப்பி தம்ளரோடு வார்டு மெம்பர் முத்தாயி வந்து சேர்ந்தாள்.

"ஆபீசரம்மாவா? வா கண்ணு, மொதல்ல காப்பியக் குடி. நீலம் அம்சமா இருக்குதா? கடையில நாந்தான் எடுத்தேன்!"

மேனகா தம்ளரை வாங்கிக்கொண்டு தூணடியில் உட்கார்ந்தாள். முத்தாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். மானியம் வராவிட்டால் சாவடியை இடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு அறை கான்கிரீட் ஆபீஸ் கட்ட ஏற்பாடாம். ஊரில் மழைக்கு நூறு பேர் உட்காரக் கூரை இது ஒன்றுதானாம். கல்யாணம், காதுகுத்து, கண் பரிசோதனை முகாம்… எல்லாமே இங்கேதான். இது போனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மலை இறங்கி மண்டபம் பிடிக்க வேண்டும்.

"காப்பி பறிக்கறவங்க மண்டபத்துக்கு எங்க கண்ணு போவோம்? எம்மவ வனிதா கல்யாணம் ஆவணியில… இங்கதான் நெனச்சிருக்கோம்."

ஜெயபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான். கோபமெல்லாம் எங்கே போனதோ… "நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று அவன் முணுமுணுத்தது மழைச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டது. இவனை ஏன் இப்படி வார்த்தையால் அடித்தோம் என்று மனசு பிசைந்தது.

பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் சாய்ந்த இடத்தில், நீலச் சுவரின் நடுவே, ஒரு தோளும் பாதி முதுகுமாக… சுத்தமான, பழுப்பேறின, அழகான சுண்ணாம்பு!

ஓடிப்போய் விரலால் தொட்டாள். பூச்சு கொஞ்சம்கூடப் பெயரவில்லை.

"எப்ப அடிச்சீங்க?"

"காலையிலதானுங்க. இந்தப் பனியில காயவே மாட்டேங்குது."

"நல்லவேளை, காயல!" குழந்தை மாதிரி குதித்தே விட்டாள். "வெந்நீர் வைங்க. பழைய வேட்டித்துணி கொண்டு வாங்க. நனைச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும். தேய்க்கவே கூடாது. வெயில் வர்றதுக்குள்ள எடுத்துடலாம்… ஆனா பெயிண்ட் அடிச்சதையும் எழுதுவேன், எடுத்ததையும் எழுதுவேன். சம்மதமா?"

"சம்மதம்ங்க." அவன் கண்ணில் பழைய வெதுவெதுப்பு திரும்பி வந்தது. "அப்ப இன்னொருக்கா அந்தப் பக்கமும் சாஞ்சு குடுத்தீங்கன்னா… வேலை சுருக்கா முடியுமுங்க."

அவள் முறைத்தாள். உதடு மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் சிரித்துவிட்டது.

ஊரே திரண்டது. அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாக வெந்நீர். சீருடை மாதிரி எல்லோர் கையிலும் கிழிந்த வேட்டி. மேனகா மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மேற்பார்வைக்குத்தான் வருகிறேன் என்று ஆபீசில் சொன்னாள்… தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள்.

"அழுத்தாதீங்க… பூ மாதிரி ஒத்துங்க."

"எந்தப் பூவுங்க? காப்பிப் பூவா, மல்லியா?"

"பேசாம வேலையப் பாருங்க, பிரெசிடெண்டு சார்."

"பேசாம இருந்தா நீங்க என்னையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்றீங்களே…"

துணி பிழியும்போது இரண்டு கைகள் ஒரே அண்டாவுக்குள் தொட்டுக்கொண்டன. வெந்நீர்தான். ஆனால் அவள் கன்னம் ஏன் சுட்டது? அவன் ஏன் கையை எடுக்க மறந்தான்? அந்தப் பக்கம் முத்தாயி தொண்டையைச் செருமினாள் பாருங்கள்… இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வெயில் எட்டிப் பார்த்த அன்று, சாவடி தன் பழைய நிறத்தில் நின்றது. ஊர் கைதட்டியது. ஜெயபிரகாஷ் கைதட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சேலத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஜெயபிரகாஷ்… உங்க ஊர் ஃபைலை நான் பாக்கப் போறதில்ல. மேலதிகாரி ஜெயகுமாரி மேடம் வந்து புதுசா பாத்து எழுதுவாங்க."

"ஏனுங்க? என்னாச்சுங்க?"

"…சொல்ல முடியாது."

"ஊரே கூடி மூணு நாளு சுவத்த ஒத்தி எடுத்துச்சே… கூட நின்னீங்களே! கடைசியில கைகழுவிட்டீங்ளா?"

அவள் பக்கம் ஒரு விசும்பல் கேட்ட மாதிரி இருந்தது. அவன்தான் கவனிக்கவில்லை. ரோஷம் காதை அடைத்திருந்தது. பட்டென்று வைத்தான். அதற்கப்புறம் அவள் நாலைந்து முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மடையன்!

ஜெயகுமாரி மேடம் வந்தார். சிரிக்காத முகம். சுவரைத் தட்டினார், தடவினார், மோந்துகூடப் பார்த்தார். பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டதற்கு ஜெயபிரகாஷ் கையைத் தூக்கினான். மேடம் குறித்துக்கொண்டார். நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. முடிவு சென்னைக் கமிட்டி கையில் என்றார்.

ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார்.

"மேனகா எங்கிட்ட வேலைக்குச் சேந்து ஆறு வருஷம். ஒரு ஃபைலைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்ல. உங்க ஊர் ஃபைலைத் தானா கொண்டு வந்து மேஜையில வெச்சா. காரணம் கேட்டேன், வாயத் திறக்கல. கண்ணு மட்டும் கலங்குச்சு. நீங்க ஏதாவது மனசு நோகற மாதிரி பேசினீங்களா தம்பி?"

ஜீப் போய்விட்டது. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அப்புறம் முத்தாயி அவன் முதுகில் ஒரு போடு போட்டாள். "இன்னும் என்ன சாமி நிக்கற? பஸ்ஸு போயிருமாக்கும்!"

சேலம் ஆபீஸ் வராந்தா. சாயங்காலம். எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மேனகா வெளியே வந்தாள்… எதிரே அவன். மலைக்குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைச் சேலத்துப் புழுக்கத்திலும் கழற்ற மறந்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு.

"மேடத்துக்கிட்ட மானியம் பத்திக் கேக்க வந்தீங்களா?" குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"இல்லீங்க. உங்களக் கேக்க வந்தேன். என்மேல கோவம்னா நேராத் திட்டியிருக்கலாமுங்க. ஊர ஏன் உட்டுட்டீங்க?"

அவ்வளவுதான். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"கோவமா? கோவமா இருந்திருந்தா நானே எழுதியிருப்பேன்! ஜெயபிரகாஷ்… ஒரு கட்டடத்தைப் பாத்து எழுதறவ ரெண்டு பக்கமும் சாயக் கூடாது. உங்க சாவடியைப் பத்தி எழுத உட்கார்ந்தேன். சுவர் எப்படி இருக்குன்னு யோசிச்சா, மூக்குல நீலத்தோட நீங்கதான் வந்து நின்னீங்க. கூரையப் பத்தி எழுதப் போனா, உங்க சிரிப்பு. நான் நல்லபடியா எழுதினா அது சுவத்துக்காகவா உங்களுக்காகவான்னு எனக்கே தெரியல. நாளைக்கு யாராவது கேட்டா உங்க ஊருக்குத்தானே கெட்ட பேரு? அதான் விலகிட்டேன். சாவடி தன் தகுதியில ஜெயிக்கட்டும்னு…"

துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"இப்பவே சொல்லிடறேன். மானியம் கிடைச்சப்புறம் சொன்னா, அதுக்கு நன்றியா நீங்க தலையாட்டின மாதிரி ஆயிடும். கிடைக்காமப் போனப்புறம் சொன்னா, ஆறுதலுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் கண் பளபளத்தது.

"நாந்தான் முட்டாளுங்க" என்றான். "நீங்க போன்ல அழுதிருக்கீங்க… அது கேக்காம, என்ர ரோஷத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மன்னிச்சுக்கங்க. அந்த சுவத்துல நீங்க சாஞ்ச எடத்தச் சுத்தி ஊரே ஒத்தி எடுக்கறப்ப, எனக்கு என்னமோ அந்த உருவத்த மட்டும் அப்படியே உட்டுறலாமான்னு இருந்துச்சுங்க."

"ஐயோ… அதையும் நான் எழுதியிருக்கணுமே!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"மேனகா." முதல்முறையாகப் பேர் சொன்னான். "உங்க ஊட்டுல வந்து கேக்கறேன். மானியம் வந்தா, கூரையப் பழுதுபாத்து முடிச்ச சாவடியில நம்ம கல்யாணம். வரலீன்னா… இடிக்க வர்றதுக்கு முன்னாடியே, வனிதா கல்யாணத்தோட சேத்து, ஒழுகற கூரைக்குக் கீழயே கல்யாணம். எதுன்னாலும் அங்கதான். சம்மதம்ங்களா?"

"ஆவணியில மழை நிக்காதே… எலைச்சோத்துல தண்ணி விழுமே?"

"விழுமுங்க. பொண்ணு மாப்ள தலையிலயும் விழும்."

மேனகா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வராந்தாவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பார்த்தால் பார்க்கட்டும்…

"விழட்டும்ங்க" என்றாள்.