திரை ஓரத்துப் புள்ளிகள்

முதலில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. காலை பதினொரு மணி. மழை வருமா வராதா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது, சமையலறையில் அம்மா பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேல் கிடந்த வேலையில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தபோது, மேஜை அகலத்துக்கு விரிந்து கிடந்த கறுப்புத் திரை இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டியாகச் சுருங்கியிருந்தது. மிச்ச இடமெல்லாம் புள்ளிகள். வரிசை வரிசையாக, சாம்பல் நிறத்தில், ஓரம்வரைக்கும்.

அந்தப் புள்ளிகளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவளைத் தவிர இன்னொருவரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலிருந்தே நிரல் எழுதிப் பிழைக்கிறவள் அவள். அவள் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரையை, டெர்மினலை, இழைத்து இழைத்து அமைத்துக்கொடுத்தவன் தம்பி. ஒரு சொல்லைத் தட்டினால் போதும். திரை மூன்றாகப் பிரியும், இடது பக்கம் நேற்று விட்ட வரியிலேயே எடிட்டர் திறக்கும், வலது பக்கம் மேலே நிரல் ஓடும், கீழே அதன் பதிவுகள் ஓடும். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த தமிழ் எழுத்துகளை ஒழுங்காக உட்கார வைத்தவனும் அவன்தான். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் 'வீடு' என்று பெயர் வைத்திருந்தான். லேப்டாப்பை மூடினாலும் வீடு ஒரு சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கிருந்து வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளலாம், இரண்டு பேர் ஒரே திரையைப் பார்க்கலாம், ஒரே கோப்பில் தட்டலாம். ஒரே தொல்லை, வந்தவர்களில் யாருடைய திரை சின்னதோ அந்த அளவுக்கு எல்லாருடைய திரையும் சுருங்கிவிடும், மீதியைப் புள்ளிகள் அடைத்துக்கொள்ளும். அதை மாற்ற வழி இருந்தது. அவன்தான் விடவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒரே அளவில்தான் பார்க்கவேண்டும் என்று தத்துவம் பேசுவான், கழுதை.

ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் அவன் போனிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவான். படுத்தபடியே அவள் எழுதுவதை வேடிக்கை பார்ப்பான். நடுவில் புகுந்து, இந்த வரி சொதப்பல், அக்கா தூங்கப் போ என்று எழுதிவைப்பான். அவளுக்கோ உள்ளங்கை அகலத் திரையில் வேலை பார்த்துக் கழுத்து வலிக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள், வீட்டைத் திறக்கும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாள். நான் உள்ளே வரும்போது ஏற்கெனவே இருப்பவர்களை வெளியே தள்ளிவிடு என்று அதற்குப் பொருள். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. இவள் தள்ளுவாள், அவன் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வான். விளையாட்டாகவே ஆகிப்போனது.

அவனுடைய கடைசி நாள் மதியம், வேலைக்குக் கெடு நெருங்கிய பதற்றத்தில் அவள் ஸ்கிரிப்டைத் தட்டினாள். எடிட்டரில் அவன் 'அக்கா எனக்கு' என்று தொடங்கியிருந்தான். அதோடு நின்றது. அவன் மறுபடி வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

எனக்கு என்ன? தாகமா, வலியா, யாராவது வரவேண்டுமா? நான்கு மாதமாக அந்தக் கேள்வி அவளைச் சோறு தின்னவிடவில்லை. அந்த அரை வரியை அழிக்க மனம் வராமல் கோப்பின் அடியில் அப்படியே வைத்திருந்தாள். அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சின்னவன் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

நேற்றுதான், மனசு கேட்காமல், ஸ்கிரிப்டில் இருந்து அந்த ஓர் எழுத்தை எடுத்தாள். கை அதோடு நிற்கவில்லை. வருகிறவர்களிடம் அடையாளச் சாவி கேட்கும்படி சர்வரில் இருந்த வரியையும் அழித்தாள். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்யத் துணியாத பைத்தியக்காரத்தனம். யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் அவன் போனில் இருந்த சாவி காலாவதியாகியிருக்குமே, பாவம், என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

ஆக, யாரோ திருட்டுப் பயல் நுழைந்திருக்கிறான். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள்.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டாள். இரண்டு பேர். ஒன்று அவள். மற்றது, அகலம் நாற்பத்திரண்டு எழுத்து, உயரம் இருபத்தொரு வரி. மனப்பாடமான அளவு, அவன் போனுடையது. எழுந்து அலமாரியைத் திறந்தாள். மடித்துவைத்த அவன் சட்டைகளின் மேல் போன் குளிர்ந்து கிடந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள். எப்போதோ உயிர்விட்ட பேட்டரி.

திரும்பி வந்தபோது அறையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்த வாசனை. ஜன்னல் மூடியிருந்தது. லேப்டாப்பின் விசிறி என்றைக்கும் இல்லாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்கு அடியில் இன்னொரு சத்தம், மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல, உற்றுக் கேட்டால் இல்லை, காதை எடுத்தால் இருக்கிறது. எடிட்டரில் கர்சர் நகர்ந்தது. அவள் கை விசைப்பலகையிலேயே இல்லை. அது ஒவ்வொரு வரியாக, நடக்கத் தெம்பில்லாதவன் படி இறங்குவதுபோல நின்று நின்று, கோப்பின் அடிவரைக்கும் போனது. அந்த அரை வரியின் முடிவில் நின்றது.

'அக்கா எனக்கு பயமா இருக்கு.'

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. இதைத்தான் சொல்லவந்தானா பாவி, இதைச் சொல்லக்கூட விடாமலா தள்ளிவிட்டோம்! கண் மறைக்க மறைக்கத் தட்டினாள்.

'நான் இருக்கேன்டா. இனிமே உன்ன தள்ளவே மாட்டேன்.'

பிறகு ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

'தள்ளிடுக்கா.'

அவளுக்குப் புரியவில்லை.

'சீக்கிரம். நான் தனியா வரல.'

பெட்டி இன்னும் சுருங்கியது. அவள் கண் முன்னாலேயே, ஒரு வரி, இன்னொரு வரி என்று விளிம்பு உள்ளே வந்தது. பட்டியலில் மூன்று பேர். ஐந்து. ஒன்பது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறுகலான அளவு, எந்தப் போனுக்கும் எந்தக் கருவிக்கும் இல்லாத அளவு. எங்கிருந்து என்று காட்டவேண்டிய இடம் காலி. அவள் அவசரமாகத் தட்டினாள்.

'நீ எந்த வழியா வந்தே?'

'நீ திறந்த வழி. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. என்னையும் சேர்த்து தள்ளு. அம்மாவ கூப்பிடாத.'

ஒரே ஒரு கட்டளை. அவளைத் தவிர எல்லாரையும் வெளியே தள்ளும். அதைத் தட்டிவிட்டாள். என்டர் ஒன்றுதான் பாக்கி. விரல் அதன் மேல் நின்றது. இறங்க மறுத்தது.

"யார்கிட்டடி அழுதுக்கிட்டிருக்க?"

அம்மா வாசலில் நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தாள். மறைக்க நேரமில்லை. அம்மா குனிந்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டாள், அந்தச் சின்னப் பெட்டியில் இருந்ததை உதடு அசையப் படித்தாள்.

"சின்னவனா?"

மகளால் பொய் சொல்ல முடியவில்லை. அன்று மதியம் நடந்ததை முதல்முறையாகச் சொன்னாள். அவன் எழுத ஆரம்பித்ததை, தான் தள்ளியதை, அவன் திரும்பி வராததை. இப்போது அவனே அனுப்பிவிடச் சொல்கிறான் என்றாள், கூட வந்திருப்பவை எதுவும் அவன் இல்லை என்றாள். அம்மா பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை.

"அன்னைக்கும் நீதான் தள்ளுனியா?"

"ஆமாம்மா."

"இன்னைக்கும் தள்ளப் போறியா?"

அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. எலும்பு நோகும் பிடி. இன்னொரு கையால் அவளுடைய இடது கையையும் பிடித்துக்கொண்டாள். ஈரமும் சோப்பும்.

'அம்மா.'

திரையில் வந்தது. அவன் வரிக்குக் கீழே.

"பாரு, கூப்பிடுறான். சொல்லுப்பா. அம்மா இருக்கேன்."

'அம்மா.'

"இருக்கேன்பா."

'அம்மா. அம்மா.'

அவன் எழுதிய வரி மேலே தள்ளப்பட்டது. 'அக்கா எனக்கு' போய்விட்டது. 'அம்மாவ கூப்பி' என்று இன்னொரு முறை எழுந்தது. முடிவதற்குள் அதையும் கூட வந்தவர்கள் மூடிவிட்டார்கள்.

"விடும்மா. அது அவன் இல்லம்மா."

"எம்புள்ள எனக்குத் தெரியாதா?"

இருபது பேர். நாற்பது. பட்டியல் நிற்கவில்லை. அகலம் பத்தெழுத்து. ஐந்து. புள்ளிகள். புள்ளிகள். அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. மூச்சு, ஒன்றல்ல, நிறைய. முதுகுக்குப் பின்னாலும்.

அவள் திமிறினாள். முடியவில்லை. என்டர் ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

திரை ஓர் எழுத்து அகலமாகிவிட்டது. அந்த ஒற்றைப் பிளவில் எழுத்துகள் செங்குத்தாக விழுந்துகொண்டிருந்தன. அ. ம். மா. அ. ம். மா. கண்ணால் தொடர முடியாத வேகம். அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டவைத்து, மகளின் இரண்டு கைகளையும் விடாமல், கண்ணீரும் சிரிப்புமாக, "வந்துட்டேன்பா... வந்துட்டேன்பா..." என்று ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.