எலும்பில் கரைந்த ஊர்

மண்காணி இயந்திரத்துக்குள் வலது காலை நீட்டியபோது ரக்ஷிதா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளைக்கல்பாளையம் ஊர்மன்றத்தின் முன்னால் பந்தல் போட்டு, இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சார்த்தியிருந்தார்கள். மண்ணுரிமைச் சட்டத்தை மன்றத்தில் கொண்டுவந்தவள் அவள்தான் என்பதால் சோதனைக்கு முதல் ஆளாக அவளையே உட்காரச் சொன்னார்கள். இந்த மண்ணின் ஆள் என்று சொல்லும் மண்ணாள் அட்டையை அவள் கையில் கொடுக்கும் காட்சியைப் படம் பிடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

இயந்திரம் கெண்டைக்காலைச் சுற்றி மெல்ல முனகியது. வலி ஏதுமில்லை, லேசான சூடு மட்டும். திரையில் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அயல்மண்’ என்று வந்தது.

“தம்பி, மிஷினு இன்னும் சூடாகலையாட்ட இருக்குது. இன்னொருக்கா பாருங்க” என்றாள்.

இயந்திரத்தை இயக்க நாகர்கோவிலில் இருந்து வந்திருந்த ஜெரால்டு மறுபடி பார்த்தான். பிறகு இடது காலைப் பார்த்தான். மூன்றுமுறையும் அயல்மண். பந்தலில் யாரோ கைதட்டத் தொடங்கி, யாரும் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் நிறுத்தினார்கள்.

ஊரில் தண்ணீர் அருகிப்போனதில் பிறந்த சட்டம் அது. ஆற்றிலிருந்து ஊருக்கு வரும் பங்கு எல்லோருக்கும் காணாது என்று ஆனபோது, யாருக்குக் கொடுப்பது, யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்வி வந்தது. காகிதச் சான்றுகளை யாரும் நம்பவில்லை. எலும்பு பொய் சொல்லாது என்றாள் ரக்ஷிதா. எவருடைய எலும்பு இந்த மண்ணால் ஆனதோ அவருக்கே இங்கே வீடும் ஓட்டும் தண்ணீரும். மற்றவர்கள் தை பிறப்பதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். மண்ணாள் ஒருவர் பொறுப்பேற்றால் வெளியாள் ஒருவர் தங்கலாம், ஒரே ஒருவர் மட்டும். இந்தக் கடைசி வரியைப் பிடிவாதமாகச் சேர்க்க வைத்ததும் அவள்தான். அவளுடைய நூல் மில்லுக்குப் பின்னாலிருந்த லைன் வீடுகளில் வடக்கிலிருந்து வந்தவர்கள் பெருகிப் போனார்கள் என்பது ஊரின் பேச்சாக இருந்தது. அவர்களைக் கொண்டுவந்ததே மில்காரர்கள்தான் என்பதை யாரும் பேசவில்லை.

பந்தல் கலைந்தபிறகு அவள் ஜெரால்டைத் தனியே பிடித்தாள்.

“நான் பொறந்தது இங்க, படிச்சது இங்க. அப்புறம் எப்படிங்க அயல்மண்ணு?”

“பொறந்த இடத்தை இது பார்க்காதுங்க, மேடம். எலும்புக்குள்ள இருக்கறது சின்னச் சின்னப் படிகம். அதுல கால்சியம் வரிசையா உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரான்சியம்னு இன்னொரு உலோகம் இருக்கு. ரெண்டுக்கும் குணம் ஒண்ணு, இது உருவத்துல கொஞ்சம் பெருசு. பாறையில இருந்து தண்ணியில இறங்கி, தானியத்துல ஏறி, நம்ம உடம்புக்குள்ள வந்து, கால்சியம் உட்கார வேண்டிய நாற்காலியில உட்கார்ந்துக்கும். படிகம் உடையாது. துளியளவு வீங்கும், அவ்வளவுதான்.”

“அழுக்கு ஒட்டிக்கற மாதிரியா?”

“அழுக்குன்னா கழுவிடலாமே. இது கரைஞ்சு கிடக்கு. தண்ணியில சர்க்கரை கரையற மாதிரி, கல்லுக்குள்ள கல்லு கரையறது. திண்மக் கரைசல்னு சொல்லுவாங்க. எங்க வெட்டிப் பார்த்தாலும் ஒரே படிகம். இது பழசு, இது வந்து சேர்ந்ததுன்னு நடுவுல கோடு கிழிக்க முடியாது.”

“அதுல ஊரு எங்க வந்துது?”

“பாறைக்குப் பாறை வயசு வேற. அதைப் பொறுத்து ஸ்ட்ரான்சியத்துல கனமான அணு எவ்வளவு, லேசான அணு எவ்வளவுங்கற விகிதம் மாறும். அதைத்தான் மண்காணி படிக்குது. நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?”

“வீட்ல சவ்வு வெச்சு வடிகட்டுன தூநீரு. வேற யாரு என்னத்தைக் குடிக்கிறாங்க இப்ப?”

“பருப்பு?”

“கனடாப் பருப்பு.”

“பாலு?”

“நியூசிலாந்துப் பவுடர்.” அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. “கீரை மட்டும் இங்கத்ததுங்க. கோபுரப் பண்ணையில வெளையறது.”

“அந்தப் பண்ணையில மண்ணே கிடையாதே, மேடம். உப்பு கலந்த தண்ணிதான். உப்பும் கப்பல்ல வர்றது.”

“பல்லுல பாருங்க. பல்லு சின்ன வயசுலயே அமைஞ்சுரும்னு சொல்றாங்கல்ல?”

“சின்ன வயசுல என்ன குடிச்சீங்க?”

கேன் தண்ணீரும் டின் பாலும் அவள் நினைவுக்கு வந்தன.

“சரி, நான் எந்த மண்ணு? அதையாவது சொல்லுங்க, தம்பி.”

ஜெரால்டு திரையைத் திருப்பிக் காட்டினான். அவளுடைய எலும்பின் விகிதத்தை உலகத்துப் பாறைகளோடெல்லாம் இயந்திரம் ஒப்பிட்டிருந்தது. “நாலஞ்சு தேசம் கலந்து நடுவுல ஒரு எண் வந்திருக்கு. இந்த எண்ணுக்கு உலகத்துல எந்த ஊரும் இல்லைங்க” என்றான்.

அடுத்தடுத்த வாரங்களில் ஊர் முழுக்கக் காலை நீட்டியது. வடக்கு வீதி, கடைவீதி, காலனி என்று பெரிய வீடுகளெல்லாம் அயல்மண் ஆயின. தோட்டத்துக் கிணற்றை விடாதிருந்த சில குடியானவர்கள் தப்பினார்கள். லைன் வீட்டுக்காரர்களைப் பரிசோதிக்கத் தேவையே இல்லை என்று இருந்தவர்கள், சட்டம் எல்லோருக்கும் என்பதால் கடைசியில் அவர்களையும் கூப்பிட்டார்கள். அங்கேதான் மண்காணி ஊரின் பெயரைச் சொன்னது. ஒருவர் இருவரல்ல, பல காலமாக அங்கே இருந்த அத்தனை பேருக்கும். மில்லின் ஆழ்குழாயில் வரும் கடுத்த தண்ணீரைத்தான் அவர்கள் குடித்தார்கள். புறம்போக்கில் விதைத்த ராகியைத் தின்றார்கள். எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டிக்கொள்ளும். வந்தபோது கொண்டுவந்த எலும்பு போய்விட்டது. இப்போது இருந்தது வெள்ளைக்கல்பாளையத்துப் பாறை.

“அப்ப நாம யாரு, ரக்ஷி?” என்று கேட்டான் அவள் கணவன் கவின். அவனும் அயல்மண். சோற்றுத்தட்டின் முன்னால் உட்கார்ந்து பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “நாம இங்க வெளியாளுன்னா, எந்த ஊருக்கு உள்ளாளு?”

ஒருவேளை இயந்திரத்தின் பிழையாக இருக்கும் என்று காலையில் அவளுக்குத் தோன்றும். இயந்திரம் சரி, தான்தான் பிழையோ என்று மாலையில் தோன்றும். தன் கெண்டைக்காலைத் தடவிப் பார்ப்பாள். அது தன்னுடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிடும்.

தை நெருங்கிய ஒரு நாள் லைன் வீட்டுக்குப் போனாள். மில்லில் எந்திரங்களைச் செப்பனிடும் சுக்ராம் ஓராவ் வாசலுக்கு ஓடிவந்து நாற்காலி போட்டான். ஜார்க்கண்டிலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்தவன். இன்று நரைத்த மீசையோடு மண்ணாள், புதிய ஊர்மன்றத்தில் உறுப்பினனும்கூட. மண்ணாட்கள்தானே மன்றத்தில் உட்கார முடியும்.

“சுக்ராம், நீ…” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். “நீங்க… ஒரு உதவி பண்ணோணும். எனக்குப் பொறுப்பு ஏத்துக்கோணும்.”

“அக்கா, என்னை எதுக்குங்கக்கா நீங்கன்னு சொல்றீங்க?” அவன் முகம் சுருங்கியது. உள்ளே அடுப்படியில் இருந்த மனைவியைக் கண்ணால் காட்டினான். “புத்னி போன மழைக்குத்தான் வந்தா. அவளுக்கு இன்னும் எங்க ஊரு எலும்பு. ஒருத்தருக்குத்தான் பொறுப்பு ஏத்துக்கலாம்னு சட்டம். நான் அவளுக்குப் போட்டுட்டேன்.”

ரக்ஷிதா தலையாட்டினாள். ‘ஒரே ஒருவர்’ என்ற அந்த வரி அவளுடையது.

“எனக்கே ஒண்ணும் வெளங்கலைங்கக்கா” என்றான் சுக்ராம். “அண்ணன் போன் பண்ணான். அங்கயும் மண்காணி வெச்சுட்டாங்களாம். நீ இனிமே நம்ம ஆளு இல்ல, நெலத்துல பங்கு கேக்காதேங்கறான். எங்க அம்மா வயித்துல பொறந்தவன் நான். அவளோட காரியத்துக்குப் போனாக்கூட இனி விருந்தாளிதானாம்.”

அவளுக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. அவனைப் பார்க்கவே கூசியது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் இருக்கின்றன என்று புரியாமல் எழுந்து வந்தாள்.

வெளியேற வேண்டிய நாளுக்கு முன்பு, சட்டத்தை நீக்கக் கோரி ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் மன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். பேச அவளையே அனுப்பினார்கள். முன்பு அவளும் மற்ற உறுப்பினர்களும் அமர்ந்திருந்த நாற்காலிகளில் இப்போது சில குடியானவர்களும் லைன் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நின்றபடியே பேசினாள். எலும்பை வைத்து ஆளைப் பிரிப்பது தப்பு, கரைந்து கலந்ததைப் பிரிக்க நினைத்ததே மடத்தனம், அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றாள். பேசும்போது அழுதாள். அது நடிப்பில்லை.

சுக்ராம் எழுந்தான். பேசிப் பழகாதவன், மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா சொல்றது நெசந்தான். நான் எதிர்த்துப் பேச வரலை. ஒரே ஒண்ணு கேக்கோணும். எங்க ஊருக்குப் போனா நான் அயல்மண். இங்க நான் ஊர்க்காரன்னு சொல்றது இந்தச் சட்டம் மட்டுந்தான். இதை எடுத்துட்டா, நாளைக்கு நீங்க எல்லாம் உங்க வீட்டுக்குத் திரும்பி வந்தப்புறம், நான் இந்த ஊர்க்காரன்னு ஒத்துக்குவீங்களாக்கா?”

மன்றம் அவளையே பார்த்தது. ‘ஒத்துக்குவேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் நாக்கு வரை வந்தது. தன்னை நம்புவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கண்ணைப் பார்த்து, தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்ல அன்று அவளால் முடியவில்லை.

சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலைவர் வாக்கெடுப்புக்குக் கேட்டார். சட்டம் நீடிக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கினார்கள். கடைசியாக, அவள் முகத்தைப் பார்க்காமல், சுக்ராமும் தூக்கினான்.