காலைத் தொங்கப் போட்ட வண்டி

அந்த நீல வேன் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குத் தவழ்ந்து வந்தபோது, மாமா தன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். மாமா பொத்தான் போடுவார்.

அது அவருடைய அப்பா தொடங்கிய பட்டறை. இந்த வேனுக்கு முன், அங்கே சரிசெய்து அனுப்பிய வண்டி, அதே பழுதோடு திரும்பி வந்த வரலாறு கிடையாது. மாமா இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். அவருடைய நிமிர்ந்த முதுகே சொல்லிவிடும்.

வேன், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வது. அதன் பின் சக்கரங்களுக்கு மேலே காற்றுப் பைகள் இருந்தன. காற்றை விட்டால் வேன் யானை மாதிரி மண்டியிடும். நாற்காலிகள் ஏறியதும், அடியில் இருக்கும் கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று ஓடிப் பைகளை நிரப்பும். வேன் எழுந்துகொள்ளும். இப்போது மண்டியிடுவதோடு சரி. எழுந்திருக்க மறுத்தது.

மின்சார வேலையெல்லாம் மாமாவின் தங்கைதான் பார்ப்பாள். அவள் மகளுக்குப் பள்ளியில் வேறு பெயர்; பட்டறையில் பஞ்சு. பஞ்சுக்கு அங்கே ஓர் உயரமான முக்காலி உண்டு. அதில் ஏறி, காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, தனக்குள் எதையாவது முனகிக்கொண்டிருப்பாள். கீழே இறங்கினால் பாட்டு நின்றுவிடும்.

“கால் தரையில பட்டா இவளுக்கு வாய் மூடிக்கும்” என்று அம்மா கேலி செய்வாள்.

முதல் முறை அம்மா ஃபியூஸை மாற்றினாள். இரண்டாம் முறை, கம்ப்ரசருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே என்ற சின்னப் பெட்டியை மாற்றினாள். இரண்டு முறையும் கம்ப்ரசர் அழகாக ஓடியது. மறுநாளே வேன் படுத்துக்கொண்டது. இன்றும் அவள் வேனை, வண்டிகளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் லிஃப்டில் ஏற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தாள். கம்ப்ரசர் ஒரு குறையுமில்லாமல் ‘ம்ம்ம்’ என்றது.

வேன் ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “தப்பா நினைக்காதீங்கண்ணே. நாளைக்குப் பிள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை இருக்காம். அங்க காட்டிப் பாக்கட்டுமா?”

மாமாவின் கை கழுத்துக்குப் போயிற்று. போடுவதற்கு இன்னொரு பொத்தான் இல்லை.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா, நானே அங்க கொண்டுபோய் விடறேன்” என்றார்.

அம்மா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா இன்னொரு பட்டறையின் வாசலில் போய் நிற்பதா? பஞ்சுவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மத்தியானம் பட்டறை அமைதியாகிவிடும். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் நூல் நூலாக இறங்கியது. நூல்களுக்குள் தூசி மெதுவாக நீந்தியது. லிஃப்டின் மேல் நீல வேன் ஒரு திமிங்கிலம் போலத் தெரிந்தது. அதன் சக்கரங்கள் காற்றில் தொங்கின. கம்ப்ரசர் முனக, பஞ்சுவும் அதே சுரத்தில் முனகினாள்.

பாதிக் கண் மூடியபோது வேன் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. மேகங்களுக்கு நடுவே சக்கரங்களைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே மிதந்தது. ஜன்னல்தோறும் பிள்ளைகள். கீழே கடல் மின்னியது. அப்புறம் மேகம் அதை மெல்லத் தரையில் இறக்கியது. சக்கரம் தரையைத் தொட்டதோ இல்லையோ, வேன் வாயை மூடிக்கொண்டது.

பஞ்சு திடுக்கிட்டு முக்காலியிலிருந்து இறங்கினாள். கால் தரையில் பட்டது. அவளுடைய பாட்டும் நின்றது.

அவள் தன் காலைப் பார்த்தாள். வேனின் சக்கரத்தைப் பார்த்தாள்.

“அம்மா, இதுவும் என்னை மாதிரிதான். காலைத் தொங்கப் போட்டாத்தான் பாடுது.”

“போய் முகத்தைக் கழுவிட்டு வா. தூக்கம் இன்னும் போகலை.”

“இல்லம்மா. நீ ஒரு தடவைகூட இதைத் தரையில வச்சுப் பாக்கலையே.”

அம்மாவின் கை அப்படியே நின்றது.

உண்மைதான். அந்தப் பட்டறையில் வண்டியைத் தரையில் வைத்து யாரும் அடிப்பாகத்தைப் பார்ப்பதில்லை. பஞ்சுவின் தாத்தா பாதி ஆயுளைத் தரையில் மல்லாந்து கிடந்தே கழித்தவர். லிஃப்ட் வாங்கிய அன்று, இனி இந்தக் குடும்பத்தில் யாரும் மண்ணில் படுத்து வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா அதை ஒரு நாளும் மீறியதில்லை.

அம்மா வேனை இறக்கினாள். பைகளின் காற்றை விட்டு, கம்ப்ரசரின் பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. ஏற்றினாள். ‘ம்ம்ம்.’ மறுபடி இறக்கினாள். சத்தமே இல்லை.

“அண்ணா, பழுது தரையிலதான் இருக்கு. யாராவது படுத்துத்தான் பாக்கணும்” என்று தயங்கியபடி சொல்லிவிட்டு, அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நீ மீட்டரைப் பாரு” என்றார் மாமா. கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வேனின் பக்கத்தில் தரையில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் வாயைத் திறந்தவர் மூடவேயில்லை.

பஞ்சு குனிந்து டார்ச் அடித்தாள். முதலில் பார்த்தது அவள்தான். கம்ப்ரசருக்குப் போகும் ஒயர், சக்கரத்தோடு ஏறி இறங்கும் இரும்புக் கையில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வேன் தாழும்போதெல்லாம் அது மடங்கியது.

கட்டியிருந்தது பச்சை டேப்பால். பட்டறையில் பச்சை டேப் போடுபவர் ஒருவர்தான். அந்த வேனுக்கு பிரேக் சரிசெய்து கொடுத்ததும் அவர்தான்.

ஓட்டுநர் குனிந்து எட்டிப் பார்க்க வந்தபோது, பஞ்சு டார்ச்சை மெல்ல வேறு பக்கம் திருப்பினாள்.

மாமா அவளை ஒரு கணம் பார்த்தார்.

“இங்கேயே அடிம்மா. நல்லா தெரியட்டும்.”

பிறகு எழுந்து, ஓட்டுநர் முன்னால் நேராக நின்றார். முதுகெல்லாம் கிரீஸ்.

“இந்த ஒயரை இங்க கட்டினது நான்தான். மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்துபோச்சு. மேலே தூக்கினா ஒயர் நேராகி முனை ரெண்டும் ஒட்டிக்குது, இறக்கினா விலகிடுது. தப்பு எங்களோடது.”

ஓட்டுநர் அவருடைய முதுகைப் பார்த்தார். “சட்டை வீணாப்போச்சேண்ணே” என்றார்.

அம்மா புது ஒயரை, அசையாத சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோய் இணைத்தாள். இந்த முறை வேன் தரையில் நின்றபடியே ‘ம்ம்ம்’ என்றது. நன்றாகத் தூங்கி விழித்தவரைப் போல, அவசரமில்லாமல் எழுந்து நின்றது.

மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்டு வரும் வழியில், நீல வேன் பஞ்சுவைக் கடந்து போனது. ஜன்னல்தோறும் கைகள் அசைந்தன. சக்கரங்களில் கடல் மணல் ஒட்டியிருந்தது.

பட்டறை வாசலில் அவள் கால் நின்றது. உள்ளே மாமா தனியாக இருந்தார். முதுகு வழக்கம்போல நேராகத்தான் இருந்தது. ஆனால் கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, தனக்குள் எதையோ முனகிக்கொண்டிருந்தார்.

பஞ்சு உள்ளே போகவில்லை. பாட்டு முடியட்டும் என்று சத்தமில்லாமல் வெளியிலேயே நின்றாள்.