உங்கள் செய்தி கிடைத்தது

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அவளைத் தவிர யாருக்குமே தெரியாத ஒரு மெயில் முகவரிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது.

அது சோதனைக்கென்று அவள் வைத்திருந்த பெட்டி. யாருக்காவது புதிதாக ஒரு இணையதளம் செய்து முடித்ததும், அதில் இருக்கும் தொடர்புப் படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வாய்க்கு வந்ததை அடித்து இந்தப் பெட்டிக்கு அனுப்பிப் பார்ப்பாள். வந்து சேர்ந்தால் சரி. படிவத்தில் வாடிக்கையாளரின் முகவரியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். மூன்று மாதம் முன்பு அந்தப் பெட்டியைச் சுத்தமாகத் துடைத்ததோடு சரி, அதற்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பார்க்கக் கூசியது என்பதுதான் நிஜம்.

அவளுடைய தொழில் நடப்பது வீட்டின் பின்னறையில். ஒரு மேசை, இரண்டு திரை, பக்கத்திலேயே துணி துவைக்கும் இயந்திரம். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன் அந்த அறைக்கு 'தலைமைச் செயலகம்' என்று பெயர் வைத்திருந்தான். காலையில் கிளம்பும்போது, "செயலகத்துல இன்னைக்கு யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். இருபத்து மூன்று இணையதளங்களில் தினமும் ஏதாவது ஒன்றுக்கு உடம்பு சரியிருக்காது. இரவு எட்டு மணிக்கு அவன் திரும்பும்வரை வீட்டில் அவள் மட்டும்தான். மின்விசிறியின் கறகறப்பு, யுபிஎஸ்ஸிலிருந்து வரும் சூடான தூசியின் வாசனை, கூடத்து மூலையில் ரூட்டரின் பச்சைப் புள்ளிகள். இத்தனை வருடத்தில் அந்தத் தனிமை அவளை ஒரு நாளும் பயமுறுத்தியதில்லை.

திரையின் ஓரத்தில் வந்த அறிவிப்பைப் பார்த்து, விளம்பரக் குப்பையாக இருக்கும் என்று நினைத்துத்தான் கடிதத்தைத் திறந்தாள். அனுப்பியவர் பெயர் இல்லை. விலாசம் இல்லை. மூன்றே வரி.

'வீட்டுக்காரி குளியலறையில் விழுந்துவிட்டாள். நான் சக்கர நாற்காலியில் இருப்பவன், காதும் கேட்காது, போனில் பேச முடியாது. தயவுசெய்து ஒரு ஆளை அனுப்புங்கள்.'

இந்த மூன்று வரியையும் அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். படித்துவிட்டு, தன் கையால் அழித்திருக்கிறாள்.

நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். அவள் இதுவரை கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

நர்ஸ் அக்கா என்று அவள் கூப்பிடுகிறவர், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, நோயாளிகளின் வீட்டுக்கே செவிலியர்களை அனுப்பும் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறார். அவருடைய தளத்தை மூன்று மாதம் முன்பு பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினாள். மாற்றும்போது படிவத்தில் சோதனை முகவரியைப் போட்டாள். அனுப்பிப் பார்த்தாள், வந்தது. அதை எடுத்துவிட்டு அக்காவின் முகவரியைப் போட மறந்துபோனாள். அன்றைக்கு மட்டும் நான்கு தளங்களை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒன்பது நாள், அந்த நிறுவனத்துக்கு மக்கள் எழுதியதெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. எழுதியவர்களின் திரையிலோ, 'உங்கள் செய்தி கிடைத்தது. ஆள் வருவார். தைரியமாக இருங்கள்' என்று பதில் வந்தது. அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். படிக்கும்போதே பாதி நோய் போய்விடும் என்று நர்ஸ் அக்கா மெச்சிக்கொண்ட வாசகம்.

ஒன்பதாம் நாள் சந்தேகம் வந்து பெட்டியைத் திறந்தபோது பதினான்கு கடிதங்கள் இருந்தன. பத்து பேர் விவரம் கேட்டிருந்தார்கள். மீதி நான்கும் அந்த ஒரே கிழவர் எழுதியவை. முதல் கடிதம் அதுதான், குளியலறை. இரண்டாவதில், ஆள் வருவார் என்று போட்டிருந்தது, எந்நேரம் என்று தெரிந்தால் நல்லது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். மூன்றாவது, மறுநாள் காலை. ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன், குளிருகிறது என்கிறாள். நான்காவதில் மூன்றே சொல். 'இனி வர வேண்டாம்.'

முகவரியைச் சரிசெய்ய அவளுக்கு அரை நிமிடம் ஆனது. பதினான்கையும் அழிக்க அதைவிடக் குறைவு.

அடுத்த வாரம் கிழவரின் உறவினர் ஒருவர், திரையில் வந்த அந்தப் பதிலைப் படமெடுத்துக்கொண்டு நர்ஸ் அக்காவின் அலுவலகத்துக்கு வந்தார். கிடைத்தது என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டார். அக்கா பதறிப்போய் அவளை வரச்சொன்னார். அவள் போனாள். மடிக்கணினியைத் திறந்தாள். ஏதோ ஒரு பட்டியலைக் காட்டி, மெயில் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது, இங்கே யாரோ தெரியாமல் அழித்திருக்கிறார்கள் என்று நாக்கூசாமல் சொன்னாள். அந்த அலுவலகத்தில் மெயில் பார்ப்பது ஒரே ஆள். பதினோரு வருடமாகப் போன் எடுக்கிற அம்மா.

அந்த அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. கைகளை மேசையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்து, "நீங்க விவரம் தெரிஞ்சவங்க. இன்னொரு தடவை நல்லா பாத்துச் சொல்லுங்களேன்," என்று மட்டும் கேட்டார்.

"பாத்துட்டேம்மா," என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்கள். கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள். அதுதான் இன்றுவரை அவளை அரிக்கிறது. நன்றாகவே சாப்பிட்டிருந்தாள்.

இப்போது அந்த மூன்று வரி, மறுபடியும் திரையில்.

அவளுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான், பழுது பார்ப்பது. படிவத்தைத் திறந்தாள். அக்காவின் முகவரிதான் இருந்தது. பழைய சர்வரில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடினாள். அதை மூடி மாதங்கள் ஆகியிருந்தன. யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாசகம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியவர் ஒருவர், படித்தவள் ஒருத்தி. எழுதியவரும் மனைவி போன பத்தாம் நாள் போய்விட்டார் என்று அக்காவே சொல்லியிருந்தார்.

கடைசியாக, கடிதம் எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று பார்த்தாள். எண் வரிசை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. தன் வீட்டு இணைப்பின் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்று.

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டாவது கடிதம் வந்தது. அதே மரியாதை. எந்நேரம் என்று தெரிந்தால் நல்லது.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். வீட்டின் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். அவளுடைய போன், இரண்டு கணினி, டிவி, பிரிண்டர். ஐந்து. பட்டியலில் ஆறு இருந்தன. ஆறாவதற்குப் பெயர் இல்லை. அதன் சிக்னல் முழுதாக இருந்தது, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காத அளவுக்கு முழுதாக. கடவுச்சொல்லை மாற்றினாள். ஐந்தும் ஒவ்வொன்றாக விழுந்தன. புதிய சொல்லைப் போட்டுத் திரும்ப நுழைந்து பார்த்தாள், ஆறாவது விழவே இல்லை.

எழுந்துபோய் ரூட்டரின் ஒயரையே பிடுங்கினாள். பச்சைப் புள்ளிகள் அணைந்தன. வெளியே மழை வருகிற இருட்டு, ஐந்து மணிக்கே கூடம் மங்கியிருந்தது. விசிறியையும் நிறுத்தினாள், எதையாவது கேட்க வேண்டியிருந்தால் சரியாகக் கேட்கட்டும் என்று. வீட்டுக்கு என்று ஒரு சத்தம் இருக்கிறது, குளிர்ப்பெட்டியின் முனகல், தண்ணீர்க் குழாயின் பெருமூச்சு, மேல்வீட்டில் நாற்காலி இழுபடுவது. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. சொட்டு. நின்று, மறுபடி ஒரு சொட்டு. குளியலறைப் பக்கமிருந்து சோப்பு நுரை புளித்ததுபோல ஒரு ஈர வாசனையும் வந்தது.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. போனில் தனி இணையம் உண்டு. சோதனைப் பெட்டி, மூன்றாவது கடிதம். குளிருகிறது என்கிறாள். கிளம்பிய இடம், இப்போதும், ஒயர் பிடுங்கப்பட்ட இதே வீடு.

நான்காவது இன்னும் வரவில்லை. அதற்குள் சொல்லிவிட்டால் ஒருவேளை வராது. இப்படி ஒரு எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, வந்ததும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அக்காவிடம் உண்மையைச் சொன்னால் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள். தன் பெயர் நாறும். நாறட்டும். இருபத்து மூன்று பேரும் விட்டுவிட்டுப் போகட்டும். எண்ணை அழுத்தினாள்.

நர்ஸ் அக்கா உடனே எடுத்தார். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, உடம்புக்கா என்று விசாரித்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்தம்மா நேத்து வந்திருந்தாங்க. இன்னும் நான் அழிக்கலை, நான் அழிக்கலைன்னே சொல்றாங்க. பாவமாதான் இருந்துச்சு. நீ மட்டும் அன்னைக்கு வந்து பாக்கலேன்னா நானும் நம்பியிருப்பேன்."

சொல், சொல் என்று உள்ளே ஒருத்தி அடித்துக்கொண்டாள்.

"சும்மாதான்க்கா. சைட் ஒழுங்கா ஓடுதான்னு கேக்கலாம்னு."

"நீ பாத்துக்கறப்ப எனக்கென்ன கவலை," என்று சிரித்தபடி அக்கா வைத்துவிட்டார்.

சீ, என்றாள் தன்னையே. இருட்டில் நின்றுகொண்டு, சத்தமாக. ஒரு வார்த்தைக்குத் துப்பில்லை. முகம் கொதித்தது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான்காவது கடிதம் வரவில்லை. ஐந்து நிமிடம் நின்றாள். பத்து. போன் சும்மா இருந்தது. தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டாள். விட்ட மறுகணமே அந்த மூச்சுக்காகவும் வெட்கப்பட்டாள்.

அப்போது கேட்டது. ஓடு பதித்த தரையில் ரப்பர் சக்கரம் உருளும் சத்தம். கொஞ்சம் முன்னால். கொஞ்சம் பின்னால். குறுகலான இடத்தில் திரும்ப இடம் தேடுவதுபோல.

வெளியே ஓடியிருக்கலாம். வாசல் ஏழு எட்டு அடிதான். ஓடவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. கூப்பிட்டவரிடம் இரண்டாவது தடவையும் போகாமல் இருக்க அவளால் முடியவில்லை போலும்.

நடைவழி. சுவர். குளியலறைக் கதவு முக்கால் திறந்து. விளக்கு இல்லை.

சக்கர நாற்காலி. முதுகு. மெலிந்த கழுத்து. மடியில் போனின் வெளிச்சம்.

தரையில் இரண்டு பாதம். ஈரமாக. வெளிறி.

அவள் காலடி அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் திரும்பினார். கோபம் எதுவும் இல்லாத முகம். நெடுநேரம் காத்திருந்து ஆளைக் கண்டவுடன் வருகிற நிம்மதி. கீழே குனிந்து, "ஆள் வந்தாச்சு," என்றார்.

தரையிலிருந்து ஒரு கை மேலே வந்தது. வந்து நின்றது. பிடிக்கச் சொல்லி.

பிடித்தாள். பிடிக்காமல் எப்படி இருப்பது? இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உடம்பு அசையவில்லை. பூமியோடு ஒட்டிய கனம். அந்த விரல்கள் அவள் இடது மணிக்கட்டைச் சுற்றி மூடின. குளிர் எலும்புவரை போனது.

"நான்தான்," என்றாள். "நான்தான் மறந்துட்டேன். உங்க லெட்டர் எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. அந்தம்மா மேல தப்பில்லை. நான் பொய் சொன்னேன்."

ஒன்று விடாமல் சொன்னாள். மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் வந்தது.

கிழவர் பொறுமையாக அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் காதைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார்.

"கேக்காதும்மா. இதுல எழுதுங்க."

போனை நீட்டினார். திரையில் வெள்ளையாக ஒரு கட்டம். அதற்குள் கோடு ஒன்று விட்டு விட்டு மினுங்கியது.

வலது கைவிரலை வைத்தாள். எழுத்து விழவில்லை. விரல் ஈரம். உடையில் துடைத்தாள். உடையும் ஈரம். எப்போது நனைந்தது? மறுபடி வைத்தாள். கண்ணாடிமேல் விரல் வழுக்கிக்கொண்டு போனது. கூந்தலில் துடைத்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் வழிந்தது. மணிக்கட்டின்மேல் அந்தப் பிடி இன்னும் கொஞ்சம் இறுகி, அவளை முழங்காலில் உட்கார வைத்தது.

கிழவர் போனை அவள் கைக்கு எட்டும்படி இன்னும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். கட்டம் காலியாக இருந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவர் காலியான அந்தக் கட்டத்தையே, கண்ணிமைக்காமல், பார்த்துக்கொண்டிருந்தார்.